ஐசியூ வாசலில் சட்டத்தை நிறுத்திவைப்பவர்கள்

2025 ஜனவரி 30 அன்று கர்நாடக சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மீள வழியில்லாத நிலையில் உயிர்காப்புக் கருவிகளோடு படுத்திருக்கும் நோயாளிக்குச் சிகிச்சையைத் தொடர்வதா, விலக்குவதா என்று முடிவெடுக்க, ஐசியூ உள்ள மருத்துவமனைகள் இரண்டடுக்கு மருத்துவக் குழுக்களை அமைக்க வேண்டும் என்றது அது. சுற்றறிக்கையின் மை காய்வதற்குள் 'கருணைக் கொலைக்குக் கர்நாடகம் அனுமதி' என்ற பொருளில் செய்திகள் பறந்தன. இதைக் கருணைக் கொலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று அமைச்சர் தினேஷ் குண்டுராவ் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ணியமான மரணம் கேட்டு மனு மேல் மனு போட்டுவந்த தாவணகெரே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை 'முதல் பயனாளி' என்றுகூட ஊடகங்கள் அறிவித்துவிட்டன. அவர் வென்டிலேட்டரில் இல்லை. உட்கார்ந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். சுற்றறிக்கைக்கும் அவருடைய கோரிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. இதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

இந்தக் களேபரத்தில் இரண்டு குரல்கள் ஓங்கின. ஒன்று வாட்ஸ்அப் குரல்: "இனி சொத்துக்காகப் பெத்தவங்களையே முடிச்சிடுவானுங்க." இன்னொன்று கொஞ்சம் கண்ணியமான குரல், படித்தவர்களின் குரல்: "ஐசியூவில் சட்டத்துக்கு என்ன வேலை? இது மனசாட்சி விஷயம். டாக்டரும் குடும்பமும் பார்த்துக்கொள்வார்கள்." கேட்க எதிரெதிர்க் கட்சிபோலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். சட்டம் வெளியே நின்றால் எல்லாம் நல்லபடி நடக்கும் என்பது இரண்டுக்கும் பொதுவான நம்பிக்கை.

இரண்டாவது குரலுக்குப் பெரிய இடத்து ஆதரவும் உண்டு. 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்குவது பற்றிய வரைவு வழிகாட்டுதல்களை வெளியிட்டபோது, இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. இது மருத்துவர்களைச் சட்ட நெருக்கடிக்குள் தள்ளும், நோயாளி, உறவினர், மருத்துவர், மருத்துவ அறிவியல் ஆகியோரிடமே இதை விட்டுவிட வேண்டும் என்பது அப்போதைய தலைவர் ஆர்.வி. அசோகன் சொன்னதன் சாரம். இந்த வாதத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படி 'விட்டுவிட்டபோது' என்ன நடந்தது, இன்னும் என்ன நடந்துகொண்டிருக்கிறது?

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெங்களூரு ஆஸ்பத்திரி என்பது பக்கத்து வீடு மாதிரி. மூளையில் ரத்தக் கசிவு என்றால் ஆம்புலன்ஸ் நேராக அத்திப்பள்ளி தாண்டித்தான் ஓடும். பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் வரும். "ஒண்ணும் சொல்றதுக்கில்லை" என்பார் டாக்டர். "நிறுத்திடலாமா?" என்று வாய்விட்டு அவரும் கேட்கமாட்டார், இவர்களும் கேட்கமாட்டார்கள். பில்லிங் கவுண்டரில் இன்னொரு லட்சம் கட்டச் சொல்வார்கள். அன்று இரவு சித்தப்பா, மாமா, மூத்த மருமகன் எல்லோரும் காரிடாரில் கூடி நின்று, கடைசியில் யாரோ ஒருவர் சொல்வார்: "வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்." அப்போது ஒரு தாள் வரும். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். மருத்துவ ஆலோசனைக்கு எதிராக, விளைவுகளை அறிந்து, என் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறேன் என்று அதில் இருக்கும். ஆஸ்பத்திரி பாஷையில் டாமா. சில இடங்களில் லாமா. மகன் கையெழுத்துப் போடுவான். ஆம்புலன்ஸில் ஒரு பையன் கையால் மூச்சு ஊட்டும் அம்பு பேக்கை அமுக்கிக்கொண்டே வருவான். ஊர் எல்லை வந்ததும், இல்லையென்றால் வீட்டுத் திண்ணையில் இறக்கியதும், அவன் கை நிற்கும்.

அந்தத் தாளில் எழுதியிருப்பது பச்சைப் பொய். யார் ஆலோசனைக்கு எதிராக? பல நேரங்களில் "கொண்டுபோறதுன்னா போங்க" என்று ஜாடையாகச் சொன்னதே டாக்டர்தான். தீவிர சிகிச்சை மருத்துவர்கள் தங்கள் ஆய்விதழ்களிலேயே இந்தப் பழக்கத்தைப் பற்றி வெட்கத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஓர் உயிரை எப்போது விடுவது என்ற மிகக் கனமான முடிவு எடுக்கப்படுகிறது. ஆனால் முடிவு எடுத்ததாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நோயாளி என்ன விரும்பினார் என்று ஒருவரும் கேட்பதில்லை. டியூப் எடுக்கும்போது மூச்சுத்திணறாமல் இருக்க மருந்து கொடுப்பாரும் இல்லை, அந்த மருந்து ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடுகிறது. பழி மட்டும் மகன் தலையில். 'அப்பாவை நான்தான் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தேன்' என்ற நினைப்போடு அவன் காலம் தள்ள வேண்டும்.

இதைத்தான் 'மனசாட்சியிடம் விட்டுவிடுவது' என்கிறார்கள். அந்தக் காரிடாரில் மனசாட்சி இல்லாமல் இல்லை. எல்லோருக்கும் இருந்தது. ஆனால் பேசியது பில்.

சட்டம் அங்கே இல்லை என்பதும் உண்மையல்ல. டாமா படிவத்தை அச்சடிக்க வைத்ததே சட்டத்தின் மீதான பயம். வென்டிலேட்டரை டாக்டர் எடுத்தால் கொலைக் குற்றமா, தற்கொலைக்கு உடந்தையா, அலட்சியத்தால் மரணமா என்று யாருக்கும் தெளிவில்லாத காலத்தில் பிறந்த தற்காப்புத் தாள் அது. ஐசியூவுக்குள் சட்டம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது, பயமாக. அது நடைமுறையாக மாறலாமா என்பதுதான் கேள்வி. 'சட்டமே வேண்டாம்' என்பவர்கள் தங்களை அறியாமல் பயத்துக்கு வாக்களிக்கிறார்கள்.

சட்டத்தைத் தூக்கிப்பிடிக்கக் கிளம்பினால் அதன் அழுக்கையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். உத்தர கன்னட மாவட்டத்து ஹல்தீபுரில் பிறந்து, மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே ஊழியர் ஒருவரால் தாக்கப்பட்டார். 2015 மே 18 வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையின் கட்டிலில் கிடந்தார். அவருக்காக எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில் 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. ஆனால் உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை விலக்கலாம் என்று பொதுவாக ஒரு கதவைத் திறந்துவைத்தது. ஐசியூவில் படுத்திருப்பவருக்காக இரண்டு நீதிபதிகள் அமர்வின் முன் போய் நிற்க வேண்டும்! வக்கீல் கிடைப்பதற்குள் நோயாளி போய்ச் சேர்ந்துவிடுவார்.

'காமன் காஸ்' அமைப்பு 2005-இல் தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் கூடவே ஒரு படிக்கட்டையும் கட்டியது: முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்பாவணத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட வேண்டும், 20 ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் கொண்ட மருத்துவமனைக் குழு, பிறகு கலெக்டர் அமைக்கும் இரண்டாவது குழு, அதற்கும் பிறகு மாஜிஸ்திரேட் நேரில் வந்து நோயாளியைப் பார்ப்பது. நம்மூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளின் வழக்குக் கட்டுகளைப் பார்த்த எவரும் இதைப் படித்துச் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது, டாமா படிவம் ஐசியூவில் இருந்தது.

'பார்த்தீர்களா, சட்டம் வந்தால் இப்படித்தான்' என்று மறுதரப்பு குஷியாவது இந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு நடந்ததை அவர்கள் சொல்வதில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனது இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம். நாள் முழுக்க வென்டிலேட்டர்களுக்கு நடுவில் நிற்பவர்கள் அவர்கள். சட்டம் போய்த் தொலையட்டும் என்று அவர்கள் மனுப் போடவில்லை. இதைப் பயன்படுத்த முடிகிற மாதிரி செய்து கொடுங்கள் என்றார்கள். 2023 ஜனவரி 24 அன்று கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு படிகளைக் குறைத்தது. விருப்பாவணத்துக்கு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும். முதல் குழுவில் சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும். இரண்டாவது குழுவில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும், முதல் குழுவில் இல்லாத வேறு இரு நிபுணர்களும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்தால் போதும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். தவறு செய்து, திட்டு வாங்கி, திருத்திக்கொள்ள ஒரு வழி சட்டத்துக்கு இருக்கிறது. காரிடாரில் எடுத்த முடிவுக்கு மேல்முறையீடு எங்கே?

கர்நாடகத்தின் சுற்றறிக்கை இந்த 2023 திருத்தத்தை மாவட்ட அளவில் நடைமுறைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு, அவ்வளவுதான். புதிதாக எந்த உரிமையையும் அது படைக்கவில்லை.

இனி வாட்ஸ்அப் குரலுக்கு வருவோம், சொத்துக்காகக் கொன்றுவிடுவார்கள் என்ற பயத்துக்கு. பயம் நியாயமானது, விலாசம்தான் தப்பு. அப்பனின் நிலத்தில் கண்வைத்த மகன் ஆறு டாக்டர்களைக் கூட்டி, இரண்டு அறிக்கை எழுதவைத்து, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் அனுப்பி மெனக்கெடுவானா? அவனுக்கு ஒரு டாமா கையெழுத்து போதும், ஒருவரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. விருதுநகர் வட்டாரத்தில் முதியவர்களுக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து, இளநீரை வாயில் ஊற்றி 'அனுப்பிவைக்கும்' தலைக்கூத்தல் பற்றி 2010 வாக்கில் செய்திகள் வெளிவந்தன. பிறகு சினிமாவும் வந்தது. தலைக்கூத்தலை எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை, எந்த மருத்துவக் குழுவும் பரிந்துரைக்கவில்லை. 'குடும்பம் பார்த்துக்கொள்ளும்' என்ற அதே நம்பிக்கையின் நிழலில்தான் அது நடந்தது. பாட்டி சம்மதித்தாளா என்று கேட்க அங்கே வெளியாள் ஒருவரும் இல்லை.

வெளியாள் ஒருவர் கேட்க வேண்டும் என்பது ஏதோ வெள்ளைக்காரன் கோர்ட் கொண்டுவந்த புதுச் சரக்கும் அல்ல. பெங்களூரிலிருந்து மேற்கே மூன்று மணி நேரப் பயணத்தில் சிரவணபெளகொளா. சந்திரகிரிப் பாறைகள் முழுக்க, உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சமணத் துறவிகளின் கல்வெட்டுகள். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றிலும் 57 நாள் நோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை எனும் நினைவுக் கல்வெட்டு உண்டு. இந்தச் சல்லேகனையைக் குற்றம் என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் சொன்னது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அந்த வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். கவனிக்க வேண்டியது, உலகையே துறந்த முனிவருக்குக்கூட 'என் உயிர், என் இஷ்டம்' என்ற சலுகை இல்லை என்பதை. விலக்க முடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராநோய் என்று எப்போது நோற்கலாம் என்பதைச் சமண ஆசாரியர் சமந்தபத்திரரின் நூல் வரையறுக்கிறது. ஆசாரியரின் அனுமதி வேண்டும். தீராப்பசி நோயால் வாடிய சமந்தபத்திரரே சல்லேகனை கேட்டபோது, உனக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று குரு மறுத்துவிட்டார் என்கிறது சமண மரபு. இரண்டாம்நிலைக் குழு மனுவை நிராகரித்தது என்று இன்றைய பாஷையில் சொல்லலாம். முடிந்தபின் யார், எத்தனை நாள் என்று கல்லில் வெட்டியும் வைத்தார்கள். நம் ஐசியூக்களில் கல் வேண்டாம், கேஸ் ஷீட்டில் நான்கு வரி வந்தால் போதும்.

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்று பாக்கி. சட்டம் போட்டும் நிற்காத அநியாயங்களுக்கு என்ன சொல்கிறீர்கள்? உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தது. கிட்னி விற்பனை நின்றதா? நிற்கவில்லை. 'அன்பின் காரணமாக'த் தருகிறேன் என்று சொல்லி, உறவினர் அல்லாதவரும் உறுப்பு தர அந்தச் சட்டம் ஒரு சந்து விட்டிருந்தது. வாழ்நாளில் பார்த்தறியாத பணக்காரர்கள் மீது ஏழைகளுக்குத் திடீர் அன்பு பொங்கியது; அனுமதிக் குழுக்கள் அதற்கு முத்திரை குத்தின. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னி கதை வெளியே வந்தபோது தமிழ்நாட்டுக்கு அது ஒன்றும் புதுக்கதையாக இல்லை.

இந்தத் தோல்வியை மறைக்க முடியாது, மறைக்கவும் தேவையில்லை. ஆனால் பள்ளிப்பாளையத்தில் வழக்குப் போட முடிந்தது எதனால்? உரிமங்களை அரசு ரத்து செய்ய முடிந்தது எதனால்? உயர் நீதிமன்றம் சிறப்பு விசாரணைக் குழுவை அமைக்க முடிந்தது எதனால்? கேள்வி கேட்க ஒரு சட்டமும், தோண்டிப் பார்க்க ஒரு ஃபைலும் இருந்ததால். ஆவணம் போலி என்று குற்றம் சாட்டவாவது ஆவணம் என்று ஒன்று வேண்டும்.

அதே சட்டம்தான் மூளைச்சாவையும் மரணம் என்று அங்கீகரித்தது. 2008-இல் விபத்தில் மூளைச்சாவடைந்த திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவன் பெற்றோர் தானமளித்தபோது தமிழ்நாடே உருகியது. அந்தப் பெற்றோரின் மனசு ஒப்பற்றது, அதில் பேச்சில்லை. ஆனால் அந்த உருக்கம் ஒரு வாரத்தில் வற்றிப்போகாமல் ஒரு திட்டமாக நின்றதற்குக் காரணம், அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு அடுத்தடுத்து வெளியிட்ட அரசாணைகள்: மூளைச்சாவை யார், எப்படி உறுதிசெய்வது, உறுப்பு யாருக்கு எந்த வரிசையில் போகும் என்பவை. பெங்களூரில் 2021 ஜூனில் விபத்தில் சிக்கிய நடிகர் சஞ்சாரி விஜய்யின் உறுப்புகள் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்படியொரு ஏற்பாட்டின் வழியாகத்தான்.

சட்டம் பாதியில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதும் இங்கேயே தெரிகிறது. மூளைச்சாவைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை உறுப்பு மாற்றுச் சட்டத்தோடு கட்டிப்போடப்பட்டதால், தானத்துக்குச் சம்மதித்தால் அவர் இறந்தவர். சம்மதிக்காவிட்டால் வென்டிலேட்டரை எடுக்க டாக்டரின் கை நடுங்கும். ஒரே உடல், ஒரே மூளை. உறவினரின் பதிலைப் பொறுத்து உயிரும் சாவும்! கேரளம் மட்டும் 2020-இல் தானத்தோடு சம்பந்தப்படுத்தாமல் மூளைச்சாவை உறுதிசெய்ய வழிகாட்டுதல் போட்டது. இந்தக் கோளாறைச் சரிசெய்ய எந்த மனசாட்சியாலும் முடியாது. எழுதப்பட்ட விதி ஒன்றுதான் வழி.

மருந்து அலமாரிக்குள்ளும் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. 1985 போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளில் மார்ஃபின் கிடைப்பது மிக மோசமாகச் சரிந்தது. கடத்தல்காரனைப் பிடிக்க எறிந்த வலையில் புற்றுநோயாளிகள் மாட்டிக்கொண்டார்கள். 2014-இல் திருத்தம் வரும்வரை, மூன்று பத்தாண்டுகள், வலியில் துடித்தவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை. சட்டம் செய்த கொடுமை இது. இதைச் சட்டத்தால்தான் அவிழ்க்கவும் முடிந்தது. கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் இதற்காக டெல்லியில் ஏறி இறங்கியது சட்டத்தை ஒழிக்க அல்ல.

கே.இ.எம். செவிலியர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அருணாவை அத்தனை ஆண்டுகள் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அவர் சாகக் கூடாது என்று நீதிமன்றத்தில் நின்றார்கள். சட்டத்தைவிட மனசாட்சி பெரிது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் அது மாநகராட்சி மருத்துவமனை. அருணாவின் கட்டிலுக்குத் தினமும் பில் ஏறவில்லை. மனசாட்சி காலை நீட்டிப் படுக்க அங்கே இடம் இருந்தது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் 'கருணாஸ்ரயா' இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகளைப் பைசா வாங்காமல் பார்த்துக்கொள்கிறது, அங்கேயும் அப்படித்தான். மற்ற இடங்களில் அந்த இடத்தை யார் உண்டாக்குவது?

அதற்கு இதே ஊரில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2017-இல் கர்நாடக தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த அன்றைய அமைச்சர் ரமேஷ் குமார் முனைந்தபோது, நவம்பரில் மாநிலம் முழுக்கத் தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு மூக்கை நுழைக்கிறது, டாக்டருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவு கெட்டுவிடும் என்றார்கள். சிறைத்தண்டனைப் பிரிவு கைவிடப்பட்டது. ஆனால் அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது, பாக்கி இருக்கிறது என்று இறந்தவரின் உடலை நிறுத்திவைக்கக் கூடாது என்ற விதிகள் நின்றன. இந்த இரண்டையும் சட்டம் வந்துதானா சொல்ல வேண்டியிருந்தது? பிணத்தைப் பிணையாக வைக்கக் கூடாது என்பதற்கு மனசாட்சி போதாதா? போதவில்லை. அதனால்தான் எழுத வேண்டியிருந்தது.

நாடாளுமன்றம் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்ட ஆணையத்தின் 196-ஆவது அறிக்கை 2006-இல், 241-ஆவது அறிக்கை 2012-இல். இரண்டும் இதற்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்றன. சுற்றறிக்கையாக வந்தது சுற்றறிக்கையாகவே போய்விடவும் கூடும். மருத்துவச் சங்கம் உண்மையிலேயே மருத்துவர்களின் சட்டப் பாதுகாப்பை நினைத்துக் கவலைப்படுகிறது என்றால், அது போய்த் தட்ட வேண்டிய கதவு இது. நல்லெண்ணத்தோடு, குழுவின் முடிவுப்படி நடந்த மருத்துவர் மீது கிரிமினல் வழக்கு பாயாது என்று ஒரு வரி கேட்கலாம். வீட்டிலேயே வலியில்லாமல் சாக விரும்புபவருக்கு மருந்தும் செவிலியரும் தேடிப்போக ஏற்பாடு கேட்கலாம்.

இவ்வளவு தூரம் போவதற்கு முன்னால், இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. அந்த டாமா தாளைக் கன்னடத்திலும் தமிழிலும் அச்சடிக்கலாம். 'மருத்துவ ஆலோசனைக்கு எதிராக' என்ற வரிக்குக் கீழே, அந்த ஆலோசனை என்ன, அதைச் சொன்ன மருத்துவர் யார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று மூன்று கோடுகள் விடலாம். எத்தனை தாள்களில் அந்தக் கோடுகள் நிரம்புகின்றன என்று பார்த்துவிட்டு, பிறகு மனசாட்சியைப் பற்றிப் பேசலாம்.